பஞ்சுப் பனி பெய்த நத்தார்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் கண்டி நகரக் கடைகளில் பனி பெய்யத் தொடங்கிவிடும். கண்ணாடி அலுமாரிகளில் வெண்பஞ்சு, பச்சை மரக்கிளைகளில் வெள்ளைப் பொட்டுகள், நடுவே சிவப்பு அங்கியுடன் நத்தார் தாத்தா. வெளியிலோ வடகீழ்ப் பருவ மழை தூறிக்கொண்டிருக்கும். குடைக்குள் தாயின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளை அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றுவிடும். "அம்மா, எங்கட வீட்டில மட்டும் ஏன் இப்படிப் பனி கொட்டுறதில்லை?" என்று கேட்கும்.

அன்புச் சகோதரிகளே, இந்தக் கேள்வியை நானும் ஒருமுறை எதிர்கொண்டேன். அது 2009ஆம் ஆண்டு நத்தார். யுத்தம் முடிந்த பின் வந்த முதல் நத்தார். அந்த நாட்களில் நாங்கள் செய்த பிழைகளையும் கற்றுக்கொண்டவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

வீதி திறந்தால் உறவு வரும்

எங்கள் வீடு ஹந்தானை மலைச்சரிவில் இருக்கிறது. என் பெரியம்மா குடும்பமும் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. அப்படிப் போனவர்களுள் பெரியம்மாவும் ஒருவர். பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலேயே பின்னர் யுத்தம் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதியை வடக்கில் 'கண்டி வீதி' என்றே சொல்வார்கள். எங்கள் உறவு அந்த வீதியைப் போலவே திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி நள்ளிரவு முதல் ஒரு மாதப் போர்நிறுத்தம் என்ற செய்தி வந்தது. அந்த நத்தார் அன்று அம்மா ஒன்றும் பேசாமல் வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தார். 2002 பெப்ரவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் வீதி திறந்தது. அந்த ஆண்டு நத்தாருக்கு அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சி சென்று, பெரியம்மாவின் மகளுக்குப் பிறந்திருந்த ஆண் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. அதன் பின் கடிதமும் இல்லை, குரலும் இல்லை.

2009 டிசம்பர் 1ஆம் திகதி முதல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் வெளியே சென்றுவர அனுமதிக்கப்பட்டார்கள். குறித்த நாட்களுக்குள் திரும்ப வேண்டும். நத்தாருக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, ஏழு வயது மகனோடும் நான்கு வயது மகளோடும் வவுனியா பஸ்ஸில் வந்து கண்டியில் இறங்கினார். கையில் ஒரேயொரு பை. கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற் போயிருந்தார்.

"மரத்துக்குக் காயமோ?"

எங்கள் பக்கத்தில் சைப்பிரஸ் கிளைகளைத்தான் நத்தார் மரமாக வைப்போம். வடக்கில் என்றால் சவுக்கு. அண்ணன் ஒரு கிளையை வெட்டி வந்து மண் நிரப்பிய வாளியில் நட்டார். கடைப் பஞ்சு வாங்கக் காசில்லை. பழைய தலையணை ஒன்றைக் கிழித்து இலவம் பஞ்சை எடுத்தேன். பிள்ளைகளை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசையில், அவர்கள் தூங்கும்போதே மரம் முழுவதும் பஞ்சை ஒட்டி வைத்தேன்.

காலையில் எழுந்த சின்னவள் மரத்தைப் பார்த்தாள். கிட்டப் போகவில்லை. "சித்தி, மரத்துக்குக் காயமோ?" என்று கேட்டாள்.

எனக்கு வாய் எழவில்லை. அவள் அறிந்த பஞ்சு காயத்துக்கு வைத்துக் கட்டும் பஞ்சுதான். அக்காதான் அருகில் இருத்திச் சொன்னார். "இல்லைக் குஞ்சு, இது தலையணைப் பஞ்சு. மாமா இருக்கிற கனடாவில வானத்தில இருந்து இப்படித்தான் பனி விழுமாம். நீயும் வைத்துப் பார்." ஒரு கைப்பிடிப் பஞ்சை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மரத்தில் வைக்கவில்லை. நேரே பாலன் குடிலுக்குப் போய், வெறுமையாக இருந்த தொட்டிலில் வைக்கோலின் மேல் பரப்பினாள். "பாலனுக்குக் குளிரும்" என்றாள்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. பெரியவர்கள் செய்து முடித்துக் காட்டும் அலங்காரம் பிள்ளையை மிரட்டவும் கூடும். பிள்ளை தன் கையால் செய்யும் சிறிய வேலையில் பயம் குறைகிறது.

பனி எங்கிருந்து வந்தது?

நத்தார் அன்று காலை எட்டு மணிக்குக் கனடாவிலிருந்து அக்காவின் தம்பி பேசினார். அங்கே அப்போது 24ஆம் திகதி இரவு ஒன்பதரை மணி. "பனி கொட்டுதோ மாமா? பனிக்குள்ள நின்றால் தடிமன் வராதோ?" என்று மூத்தவன் கேட்டான். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பனி அதுதானே! மார்கழிப் பனியில் நின்றால் தடிமன் பிடிக்கும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழில் அதற்கும் இதற்கும் ஒரே சொல். மாமா சிரித்துவிட்டு, அங்கு பனி பெய்தால் வாசலை அள்ளித் துப்புரவாக்கிய பிறகுதான் வேலைக்குப் போகலாம் என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "இங்க பனி இருக்கு, நீங்கள் ஒருத்தரும் இல்லையே" என்றார்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு குளிர் உண்டு, மூடுபனி உண்டு, உறைபனி இல்லை. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில விடியற்காலைகளில் புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்பதைத் தோட்டத்துச் சகோதரிகள் அறிவார்கள்.

அப்படியானால் பனிக்கும் நத்தாருக்கும் என்ன தொடர்பு? வேதாகமத்தில் பாலன் பிறப்பைச் சொல்லும் பகுதிகளில் பனி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பனி சூழ்ந்த நத்தார் குளிர்நாட்டு மக்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது. 1843ஆம் ஆண்டு இலண்டனில் சார்ள்ஸ் டிக்கன்ஸின் நத்தார் கதை நூல் வெளிவந்தது. முதலாவது நத்தார் வாழ்த்து அட்டை அச்சானதும் அதே ஆண்டில்தான். 1848இல் விக்டோரியா மகாராணி குடும்பத்தின் நத்தார் மரம் பத்திரிகையில் படமாக வந்தபின் அந்த மரம் மேலும் பரவியது. அந்தக் காலத்தில்தான் கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே புனித பவுல் ஆலயத்தைப் பிரித்தானியர் கட்டினார்கள். கோப்பித் தோட்டங்களோடு அவர்களுடைய பனியும் படமாக நம் மலைக்கு ஏறி வந்தது.

குடிலோ அதைவிடப் பழையது. 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து அந்தக் காட்சியை ஏழை மக்களுக்குக் காட்டினார். அங்கே சொல்லப்படும் கதை நமக்குப் புதியதல்ல. பதிவுக்காக ஊர்விட்டு ஊர் சென்ற கர்ப்பிணிப் பெண், தங்க இடமில்லை, மாட்டுத் தொழுவத்தில் பிரசவம், பிறகு உயிரைக் காக்கக் கைக்குழந்தையோடு அயல்நாட்டுக்கு ஓட்டம். இதை விளங்கிக்கொள்ள எங்கள் அக்காவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

நாங்கள் செய்த பெரிய பிழை

24ஆம் திகதி இரவு அம்மாவும் அண்ணனும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புனித அந்தோனியார் பேராலயத்துக்குப் போயிருந்தார்கள். அக்காவும் நானும் பிள்ளைகளோடு வீட்டில் இருந்தோம். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நாலாபக்கமும் பட்டாசு வெடித்தது. ஆண்டுதோறும் நடப்பதுதான். எங்களுக்கு அது சந்தோஷச் சத்தம்.

விளக்கைப் போட்டுப் பார்த்தபோது கட்டிலில் பிள்ளைகள் இல்லை. மூத்தவன் தங்கையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தான். அவள் தலையைத் தன் கையால் அமத்திப் பிடித்திருந்தான். சத்தம் ஓய்ந்து வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. அக்காவும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் தரையில் இருந்தபடி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். விடியும்வரை அப்படியே இருந்தோம்.

முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அயலவரிடம் கேட்டிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சிங்களத் தாய் ஒரு தட்டில் கொக்கிஸ் கொண்டுவந்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னோம். அவர் வேறெதுவும் பேசவில்லை. 31ஆம் திகதி இரவு எங்கள் வளவைச் சுற்றி ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் கம்பி மத்தாப்புடன் வந்து எங்கள் பிள்ளைகளின் கையிலும் ஒவ்வொன்று கொடுத்தார்கள்.

ஒரு துண்டு கேக்

நத்தார் கேக் செலவான பலகாரம். ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணித் தோசி, இஞ்சிப் பாகு, முட்டை என்று பட்டியல் நீளும். அந்த வருடம் மூன்று வீட்டார் சேர்ந்து சாமான் போட்டு ஒரே தட்டில் செய்தோம். தீப்பெட்டி அளவில் வெட்டி எண்ணெய்க் கடதாசியில் சுற்றினோம். அக்கா பயற்றம் பணியாரம் சுட்டார். லயத்திலிருந்து வந்த இந்து உறவினர்கள் முறுக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் கடன்படவில்லை.

எல்லோருக்கும் கேக் கொடுத்து முடிந்ததும் மூத்தவன், "அப்பாவுக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கவோ?" என்று கேட்டான். வீடு அமைதியானது. பேச்சை மாற்ற ஒருவர் வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "வை ராசா" என்றார். அவன் ஒரு துண்டைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு தாயைப் பார்த்தான்.

அக்கா சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. "அப்பா எங்க எண்டு அம்மாவுக்கும் தெரியாது. தேடிக்கொண்டுதான் இருக்கிறன். தெரிஞ்சால் முதலில உங்கள் இரண்டு பேருக்கும்தான் சொல்லுவன்."

அவன் தலையாட்டிவிட்டு விளையாடப் போனான். 'வெளிநாடு போயிருக்கிறார்', 'அடுத்த நத்தாருக்கு வருவார்' என்று நாங்கள் சொல்ல நினைத்த பொய்களைவிட அந்தப் பதிலை அவனால் தாங்க முடிந்தது.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

1. பட்டாசுச் சத்தம் கேட்கும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பகலிலேயே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் விளக்கை எரியவிட்டு அருகில் இருங்கள். அயலவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் விளங்கிக்கொள்வோர் பலர்.

2. குடில், மரம், பலகாரம் எல்லாவற்றிலும் பிள்ளைக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். பஞ்சும் வைக்கோலும் நொடியில் தீப்பிடிக்கும். அருகில் மெழுகுதிரி வேண்டாம்.

3. வெளிநாட்டுக் காசு வரும் என்று நம்பியோ வட்டிக்கு வாங்கியோ பண்டிகை செய்யாதீர்கள். உறவினர்கள் ஆளுக்கொரு பொருளாகக் கொண்டுவந்தால் எவர் மீதும் சுமை விழாது.

4. இல்லாதவரைப் பற்றிப் பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

5. பாலன் பிறப்புக்கு அடுத்த நாள் டிசம்பர் 26. 2004ஆம் ஆண்டு சுனாமி நம் நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன நாள். காலை 9.25 மணிக்கு இரு நிமிட மௌனம் காப்பதுண்டு. வீட்டிலும் ஒரு விளக்கேற்றலாம். அழ வேண்டியவர்கள் அழட்டும். பிள்ளைகள் முன்னால் அழுவது குற்றமல்ல.

ஜனவரி தொடக்கத்தில் அக்கா முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. புறப்படும்போது சின்னவள் மரத்திலிருந்த பஞ்சையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து, "அடுத்த முறைக்கு" என்று என்னிடம் தந்தாள்.

அந்த டின் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவளும் வளர்ந்துவிட்டாள். மார்கழியில் வந்தால் முதல் வேலையாக டின்னைத் திறந்து, மழைவிட்ட நேரம் பார்த்து, அந்தப் பஞ்சை வெயிலில் காயவைப்பாள். வீட்டுச் சின்னப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். முதல் கைப்பிடி பாலனின் தொட்டிலுக்கு. மீதிதான் மரத்துக்கு.