வயரை உருவினால் கலைந்துபோகும் இசை

மாடுலர் சிந்தசைசர் என்பது ஒற்றை வாத்தியம் அல்ல. ஒரு சட்டத்தில் வரிசையாக முடுக்கிவைத்த, மாடுல் எனப்படும் சின்னச் சின்ன மின்கருவிகளின் கூட்டம் அது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும். ஆசிலேட்டர் மூச்சு விடாமல் ஒரு ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். ஃபில்டர் அந்த ஒலியின் கூர்மையை வடிகட்டும். ஆம்ப்ளிஃபயர் கூட்டும், குறைக்கும். என்வலப் என்ற கருவி ஒலி எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்று ஆணையிடும். எதை எதனோடு இணைப்பது என்பது வாசிப்பவரின் பொறுப்பு. கையில் ஒரு கொத்து வயர். முகப்பில் வரிசை வரிசையாகத் துளைகள். அந்த இணைப்புக்குப் பெயர் பேட்ச்.

கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி மின்னழுத்தம். பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கில் 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயிக்குள் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம் என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். ஆனால் அந்தப் படிகளில்தான் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அழுத்தத்தை வழுக்கவிட்டால் ஸ்வரமும் வழுக்கும், அசைத்தால் அசையும். கட்டைகளுக்கு இடையே சுருதி நகர வழியில்லாத ஆர்மோனியத்தைவிட, கமகம் பழகிய காதுக்கு இது நெருக்கமான கருவி. 220 ஹெர்ட்ஸில் ஓர் ஆசிலேட்டரையும் 221-இல் இன்னொன்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் நொடிக்கு ஒரு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். ஏறக்குறைய சேர்ந்தும் சேராமலும் நிற்கும் இரண்டு தம்புராத் தந்திகளை மீட்டினால் கேட்கும் அதே அலைவுதான். ஃபில்டர் செய்வதையும் கச்சேரி மேடையிலேயே பார்க்கலாம். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தும்போது நாதம் கம்மிப்போகிறது, விலக்கும்போது திறந்துகொள்கிறது. அந்த வயிற்றின் வேலையைத்தான் ஒரு திருகு செய்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த இசையின் போக்கு முழுவதையும் தீர்மானிப்பதும் அதுதான். பழைய வகை மாடுலரில் நினைவகம் கிடையாது. வயர்களை உருவிவிட்டால் அந்த ஒலி போயிற்று. மறுநாள் அதே வயர்களை அதே துளைகளில் செருகினாலும் திருகுகள் மயிரிழை மாறியிருக்கும். அறையின் வெப்பம் மாறியிருந்தால் ஆசிலேட்டரின் சுருதியும் நகர்ந்திருக்கும். கீர்த்தனையைப் போல எழுதிவைத்துப் பாடம் பண்ண முடியாது. பேட்சைத் தாளில் படமாக வரைந்துவைக்கும் வழக்கம் உண்டு என்றாலும் அது சமையல் குறிப்பு மட்டுமே, சாப்பாடு அல்ல. ஆக, இந்த இசை நிலைத்து நிற்க இரண்டே வழி: ஒலிப்பதிவு, அதைக் கேட்கும் நாலு பேர். அந்த நாலு பேரும் வயர் பிடித்துப் பார்த்தவர்களாக இருந்தால், ஒரு பேட்ச் கலைந்தபின்னும் அதன் யோசனை இன்னொருவர் கையில் தொடரும்.

கருவி பிறந்ததும் இரண்டு பேர் பேச்சில்தான். 1964-இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ராபர்ட் மோக் என்ற பொறியாளரும் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து அதன் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். இசையமைப்பாளர் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல, பொறியாளர் அதற்கான சுற்றைக் கட்டினார். அதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா, சான் ஃபிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரின் இசையமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டபடி வேறொரு மாடுலரைச் செய்தார். அவருடையதில் பியானோக் கட்டைகளே இல்லை. தொட்டால் உணரும் தகடுகள் மட்டும். பழைய பழக்கத்தில் விரல் ஓடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

இப்படிப் பெட்டிகளைக் கோத்துக்கொள்ளும் அமைப்பு நம் பக்கத்துக்கும் அந்நியமல்ல. கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் இருக்கும் அணுபுரத்தில், அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் அந்த ஊரில், மாடுலரின் படத்தைப் பார்க்கும் பலருக்கு அது புதிதாகத் தோன்றாது. கதிர்வீச்சை அளக்கும் ஆய்வகங்களில் ‘நிம்’ என்ற தரத்தில் அமைந்த கருவிச் சட்டங்கள் உண்டு. அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1960-களில் வகுத்த அளவு அது. பெருக்கி ஒரு பெட்டி, துடிப்பைத் தரம்பிரிப்பது ஒரு பெட்டி, எண்ணுவது ஒரு பெட்டி. சட்டத்தில் செருகி, முன்பக்கம் கேபிளால் கோத்து, அன்றைய சோதனைக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்ள வேண்டியதுதான். சோதனை முடிந்தால் பிரித்து வேறு மாதிரி கோக்கலாம். மாடுலர் சிந்தசைசரின் தர்க்கமும் இதுவே. ஒன்றின் முடிவில் எண் கிடைக்கிறது, மற்றொன்றின் முடிவில் ஒலி கிடைக்கிறது.

அணுபுரத்துக்கும் இந்தியாவின் முதல் மாடுலர் இசைக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. 1966 முதல் 1971 டிசம்பரில் மறையும் வரை இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தவர் விக்ரம் சாராபாய். கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் 1971-இல் அவர் காலத்தில்தான் தொடங்கியது. அதே சில ஆண்டுகளில் அகமதாபாத்தில் அவருடைய உடன்பிறந்தார் வேறொரு மின்கருவிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கௌதமும் தங்கை கிராவும் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை (என்ஐடி) உருவாக்கி வளர்த்தவர்கள். இன்னொரு சகோதரி கீதா பக்வாஜ் வாசித்தவர்.

கதை கீதாவிடமிருந்து தொடங்குகிறது. மேற்கத்திய இசையின் தாக்கத்தால் இந்திய இசைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. கவலைப்பட்டு ஒதுங்காமல், அந்த இசையை நேரில் கற்றுப் பார்த்துவிடுவது என்று 1946-இல் நியூயார்க் போனார். அங்கே ஜான் கேஜ் என்ற இளம் இசையமைப்பாளரைச் சந்தித்தார். கற்றுத்தரக் கட்டணம் எவ்வளவு என்ற கேள்விக்கு, பதிலுக்கு இந்திய இசையைக் கற்றுத்தந்தால் போதும் என்றார் கேஜ். ஏறக்குறைய ஆறு மாதம் அந்தப் பண்டமாற்று நடந்தது. இசை எதற்காக என்று தன் குரு சொல்லித்தந்ததைக் கீதா அவரிடம் சொன்னார்: மனத்தை அமைதிப்படுத்தி, தெய்விகமான தாக்கங்களுக்கு அதைத் திறந்துவைப்பதற்காக. கேஜ் தன் வாழ்நாள் முழுவதும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். இருபதாம் நூற்றாண்டின் சோதனை இசையில் மிகப் பெரிய பெயர் ஒன்று அகமதாபாத் பெண் ஒருவரிடம் மாணவராக உட்கார்ந்திருந்தது நம் இசை வரலாற்று நூல்களில் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டிய செய்தி.

அந்த நட்பு அறுபடவில்லை. 1964-இல் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழு உலகப் பயணத்தில் அகமதாபாத் வந்தபோது கேஜும் உடன் வந்தார், டேவிட் டியூடரும் வந்தார். டியூடர் பியானோ கலைஞர். கேஜின் புகழ்பெற்ற மௌனப் படைப்பை 1952-இல் முதன்முதலில் மேடையேற்றியவர். பின்னர் பியானோவை விட்டு மின்சுற்றுகளின் பக்கம் முழுவதுமாகத் திரும்பியவர். 1969-இல் அவர் மீண்டும் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் மாடுலரையும் டேப் ரெக்கார்டர்களையும் கொண்டு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக் கொடுத்தார். நாட்டில் அப்படிப்பட்ட கூடம் அதுவே முதல்.

அங்கே வேலை செய்தவர்கள் ஐந்தாறு பேர்தான். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரின் பதிவுகள் இன்று கேட்கக் கிடைக்கின்றன. பாட்டுப் பயிற்சி உள்ளவர், தாளப் பயிற்சி உள்ளவர், கட்டடக்கலை படித்தவர் என்று ஆளுக்கொரு பின்னணி. ஒரே இயந்திரம், ஒரே அறை. தேசாய் 1970-இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஒலிகளைப் பதிந்தார். சர்மா ‘நடன இசை’ என்ற பெயரில் செய்த துண்டுகளில் தாளம் விடாமல் சுழல்கிறது. பின்னாளில் உலகம் முழுவதும் ஆட்ட அரங்குகளில் கேட்கப்போகும் ஒலி அதில் முன்கூட்டியே வந்து நிற்கிறது. ஜோஷிபுராவின் படைப்புக்கு ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்று பெயர். மாத்தூரின் பதிவு ஒன்றின் தலைப்பு, முன்பு ஒருநாள் தம்புரா வாசித்ததை நினைவுகூர்கிறது.

மோக்கில் ராகத்தை அப்படியே வாசித்துக்காட்டுவது இவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. அந்தப் பதிவுகளின் தனிச்சிறப்பு அதுதான். ஒரு புதிய பண்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களின் நிதானம் அவற்றில் இருக்கிறது: ஒரு முழக்கம் தொடங்கும், நெடுநேரம் நிற்கும், அதன் மேல் ஒரு குமிழி வெடிக்கும். சுருதியோடு சேர்ந்து உட்கார்ந்து பழகிய காதுகள்தான் ஒற்றை ஒலியை அத்தனை நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

பதிவுகள் 1972-ஓடு நிற்கின்றன. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. இசைத்தட்டாக வரவில்லை, கச்சேரி உலகம் வரை எட்டவில்லை. சென்னையில் ஒரு சபாவில் புதிதாகப் பாட வருபவருக்கு முன்வரிசையில் தொடை தட்டித் தாளம் போட ஒரு மாமா இருப்பார். நல்ல சங்கதி விழுந்தால் சபாஷ் வரும், பிசகினால் முகம் சுளிக்கும். அகமதாபாத் அறைக்கு வெளியே அப்படி ஒரு முன்வரிசை இல்லை. அறையில் இருந்தவர்கள் கலைந்தபோது அந்த இசையைக் கேட்கத் தெரிந்தவர்களும் கலைந்துவிட்டார்கள். அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டு மௌனம்.

2017-இல் பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் காப்பகத்தில் அந்த நாடாக்களைக் கண்டெடுத்தார். 2020-இல் பிபிசி வானொலியில் அவர் தொகுத்த ஆவண நிகழ்ச்சி ஒலிபரப்பானது. 2023-இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற தொகுப்பாக அந்த இசை முதன்முறையாக வெளியானது. சரண்ஜித் சிங்குக்கும் ஏறக்குறைய இதே கதிதான். மும்பைத் திரையிசைக் கலைஞரான அவர் 1982-இல் மூன்று ரோலண்ட் மின்கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்தபிறகே உலகம் வியந்து கேட்டது. கருவி மாடுலர் அல்ல என்றாலும் குறை ஒன்றே: செய்தவர் இருந்தார், கூடிக் கேட்பவர் இல்லை.

இன்றைய நிலைமை வேறு. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர், யூரோராக் என்ற அளவில் மாடுலர் செய்யத் தொடங்கினார். உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08 மில்லிமீட்டரின் மடங்குகள். ஆய்வகக் கருவிகளில் பயன்பட்ட யூரோகார்டு சட்டத்திலிருந்து எடுத்த அளவு அது. அளவும் மின்னிணைப்பும் பொதுவானதால் யார் செய்த கருவியும் யார் சட்டத்திலும் பொருந்தியது. சிறு பட்டறைகள் பெருகின. பாரிஸில் எமிலி ஷிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் கருவிகளின் சுற்றுப்படங்களையும் நிரல்களையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவைத்தது. 2022-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. அதன் கருவிகளை இன்னும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள்.

விலை மட்டும் நம் ஊருக்கு இன்றும் பெரும் தடை. இறக்குமதி மாடுல்களைச் சேர்த்துச் சட்டத்தை நிரப்பினால் லட்சங்களில் போய் நிற்கும். அந்த இடத்தில்தான் 2017-இல் வந்த விசிவி ராக் என்ற இலவச மென்பொருள் கதவைத் திறந்தது. கணினித் திரையிலேயே சட்டம், மாடுல், வண்ண வயர்கள். முக்கியமானது, பேட்சைக் கோப்பாகச் சேமித்து அப்படியே இன்னொருவருக்கு அனுப்பலாம். கேட்பவர் ஒலியோடு அதன் உள்கட்டையும் பெறுகிறார். ‘நன்றாக இருக்கிறது’ என்பதைத் தாண்டி, ‘இந்த ஃபில்டரைத் தூண்டுவது எது’, ‘இந்த வயரை இங்கே மாற்றினேன், கேட்டுப் பார்’ என்று பேச்சு நகர்கிறது. சோதனை முயற்சி செய்பவருக்கு வேண்டிய ஊக்கம் இந்த இரண்டாவது வகைதான். பாராட்டு அடுத்த நாளே தீர்ந்துவிடும், திருத்தப்பட்ட பேட்ச் கையில் நிற்கும்.

சின்ன உதாரணம் ஒன்று. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் கல்லைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று மணிபோல ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. அடி ஒரு கணம்தான், ஒலி கல்லுடையது. மாடுலரிலும் இதே வித்தை உண்டு. ஃபில்டரின் ஒத்ததிர்வுத் திருகை, தானாகவே ஊளையிடத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்வரை ஏற்றி நிறுத்த வேண்டும். ஆசிலேட்டரே வேண்டாம். ஒரு மின்துடிப்பை மட்டும், சில மில்லிநொடி நீளத்தில், ஃபில்டரின் உள்வழியில் அனுப்பினால் போதும். ஃபில்டர் தட்டிய கல்லைப்போலக் கணீரென்று ஒலித்து அடங்கும். ஃபில்டர் எந்த உயரத்தில் ஒலியை வெட்டுகிறது என்பதை மாற்றும் திருகைக் கூட்டினால் சிற்றுளி, குறைத்தால் மரப்பலகை. துடிப்புகளைக் கொஞ்சம் சீரில்லாமல் அனுப்பினால் நாலைந்து பேர் உட்கார்ந்து செதுக்கும் கொட்டகை ஒன்று காதுக்குள் எழும். இதற்கு விசிவி ராக்கில் மூன்று மாடுலும் மூன்று வயரும் தேவை. கோப்பின் அளவு ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. பெறுபவர் திறந்து, துடிப்பின் நடையை மிஸ்ர சாப்புவுக்கு மாற்றித் திருப்பி அனுப்பலாம்.