உளஞ்சோர்ந்தாரைப் பேணல்

உடல் காய்ந்தவனை வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்லும் நாம், உளஞ்சோர்ந்தவனை மட்டும் "மனத்தைத் திடப்படுத்து" என்று கூறி விட்டுவிடுகின்றோம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் கல்லடியை 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. எஞ்சியோர் பட்ட துயர், அப்பாராமுகம் எத்துணைத் தவறென்பதை உணர்த்திற்று.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை, தன்னையே பழித்தல் ஆகியன இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், அது சோம்பலன்று. மனச்சோர்வென்னும் நோயாதல் கூடும். அந்நோயாளரைப் பேணும் தாதியின் முதற்கடன் வினவுதலாகும். "உயிரை விட்டுவிடலாம் என்னும் எண்ணம் வருகின்றதா?" என்று அன்போடு நேரே கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்பது வீண் அச்சம். அடக்கிவைத்த துயருக்கு அவ்வினாவே வடிகாலாகும். அடுத்தது, தீங்கு செய்யும் பொருள்களை அகற்றித் தனிமையில் விடாது காத்தல். மருந்து பயன்தரச் சில வாரங்கள் செல்லும். நோயாளர் சிறிது தெம்புறும் காலமும், வீடு திரும்பிய முதல் வாரங்களும் மிக்க விழிப்புக்குரியன. அப்போது தாதியின் பணி சுற்றத்தாருடையதாகின்றது.

காவலின் பயனுக்கு நம் நாடே சான்று. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டபின், 2005 அளவில் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. கணநேர வேகம் தணியும்வரை காத்தால் உயிர் தப்பும் என்பதே இதன் பொருள்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டமும் 1998இல் நீங்கியது. ஆதலின் மறைத்தல் வேண்டா. 1926 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிட்டும். அன்பர்காள், அயலில் ஒருவர் வாடியிருப்பின் அருகமர்ந்து கேளுங்கள்.