டெலீட் செய்த போட்டோ நிஜமாகவே அழிந்துவிடுகிறதா? ‘பெர்சிஸ்டன்ஸ்’ என்றால் என்ன?

காலையில் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட். டெஸ்க்டாப்பில் பாதி டைப் செய்திருக்கும்போது கரன்ட் போகிறது. ‘சேவ் பண்ணினோமா?’ என்று வயிற்றைக் கலக்கும். அதே நபர் பழைய போனை விற்கப் போகும்போது கவலை தலைகீழ்: ‘அழிச்ச போட்டோ எல்லாம் நிஜமாவே போயிடுச்சா?’

இரண்டு பயத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே சொல்தான்: பெர்சிஸ்டன்ஸ். அன்றாடப் பேச்சில் விடாமுயற்சி. அறிவியலிலும் கணினியிலும், ஒன்று தானாக மறையாமல் நிலைத்திருப்பது.

கணினியில்...

டைப் செய்யும் எழுத்துகள் முதலில் ரேமில்தான் இருக்கும். மின்சாரம் நின்றால் ரேம் காலி. சேவ் செய்தால்தான் அவை நிலையான சேமிப்பகத்துக்குப் போகும். போனில் அந்த வேலையைச் செய்வது ஃபிளாஷ் மெமரி. 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. மின்கடத்தா அடுக்குகளுக்கு நடுவே எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதால், சுவிட்ச் ஆஃப் செய்தாலும் தகவல் அப்படியே இருக்கும்.

டெலீட் செய்தால்?

போட்டோ முதலில் குப்பைத்தொட்டி ஃபோல்டருக்குப் போகும். அங்கிருந்தும் நீக்கினால், பெரும்பாலும் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் உடனே அழியும். நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்த மாதிரி. புத்தகம் கொஞ்ச காலம் அலமாரியிலேயே கிடக்கும். இன்றைய போன்கள் தகவலைப் பூட்டி வைக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தால் சாவியே அழிந்துவிடும். மிச்சம் இருப்பதைப் படிக்க முடியாது.

அறிவியலில்...

டிடிடி பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-ல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுவரில் ஒருமுறை அடித்தால் மாதக்கணக்கில் வேலை செய்தது அதன் பெருமை. அதுவே வினையானது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கி, உணவுச் சங்கிலி வழியே பறவைகளின் உடலில் சேர்ந்து, முட்டை ஓடுகளை மெலியவைத்தது. 1972-ல் அமெரிக்கா தடை விதித்தது. 2001-ல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் அதை அனுமதிக்கிறது.

போனை விற்கும் முன்...

தேவையானதை பேக்கப் எடுங்கள். அக்கவுன்ட்களிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். கிளவுடில் உள்ள பிரதி இதனால் அழியாது. வேண்டாம் என்றால் அதைத் தனியாகத்தான் நீக்க வேண்டும்.