நோயாளியின் சட்டைப்பையைத் தடவாதீர்!

மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, மருத்துவமனையும் உண்டு. கையிலே காசுதான் இல்லை! இந்த ஒரு குறையால் மாண்டவர் எத்தனை பேர்! செல்வச் சீமை என்று உலகமே வியந்த பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான், தோழர்களே!

அங்கே 1911-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவரைத் தந்தது. அவன் மனைவிக்கு? குழந்தைகளுக்கு? இல்லை! கணவன் இருமினால் மருந்து. மனைவி இருமினால் கடன்!

இக்கொடுமையை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர் அன்யூரின் பெவன். வேல்ஸ் நாட்டு ட்ரெடிகர் நகரிலே, சிறுவனாக இருந்தபோதே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். தந்தையும் சுரங்கத் தொழிலாளி. கரித்தூள் நுரையீரலை அரிக்க, மடிந்தவர். அவ்வூர்த் தொழிலாளர்கள் கூலியிலே சிறு பங்கை ஒதுக்கி, சங்கம் அமைத்து, மருத்துவர்களை அமர்த்திக் குடும்பத்தோடு சிகிச்சை பெற்றனர். சுகாதார மந்திரியானதும் பெவன் செய்தது என்ன? ஊர்ச் சங்கத்தின் வழியை நாட்டின் சட்டமாக்கினார்!

எளிதில் வந்ததா அது? எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது. 1946-இல் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1948 பிப்ரவரியில் மருத்துவர் சங்க வாக்கெடுப்பில் மிகப் பெரும்பாலோர் 'முடியாது' என்றனர். பெவன் சிலவற்றை விட்டுக்கொடுத்தார். பெரிய மருத்துவர்கள் தனியாகப் பணம் வாங்கிச் சிகிச்சை செய்யவும் இடமளித்தார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வரிப்பணத்தில் நடக்கும், நோயாளியிடம் காசு கேட்காத மருத்துவம் என்ற அடிப்படையை மட்டும் அவர் விடவில்லை.

1948 ஜூலை 5! திட்டம் தொடங்கியது. கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் மக்கள் திரண்டனர். "செலவு மீறுகிறதே!" என்று கூக்குரலிட்டனர் சிலர். அது ஊதாரித்தனமா? இல்லை, பல்லாண்டுப் பாக்கி!

வேதனை எது தெரியுமா? 1951-இல், போர்த்தளவாடச் செலவு பெருகிய வேளையில், பெவனின் சொந்தக் கட்சி அரசே கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதிச் செலவை நோயாளி தலையில் கட்டியது. பெவன் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு, கன்சர்வேடிவ் ஆட்சியில், மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம்! இடையிலே சில ஆண்டுகள் நீங்கியும், மீண்டும் வந்தது அக்கட்டணம். பெவன் பிறந்த வேல்ஸ் 2007-இல் அதை அடியோடு ஒழித்தது. இங்கிலாந்திலோ, பலருக்கு விலக்கு உண்டெனினும், இன்றும் நீடிக்கிறது.

நாம் கற்கும் பாடம் இதுதான்: சட்டத்தைப் பெறுவது பாதி வேலை, அதைக் காப்பது மறு பாதி. மாற்றான் தொட்டாலும் தடுப்போம். நம்மவர் தொட்டாலும் தடுப்போம்!