பெயரும் ஊரும்: மின்னஞ்சற் சேவையகத்திற் புகுமுறை

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாவியை அண்டி அமைந்த ஊர் தன்னாமுனை. உறையின்மேல் ‘கந்தசாமி’ என்று மட்டும் எழுதிய கடிதமொன்று பட்டினத் தபாற்கந்தோரிற் கிடைப்பின், அதனை எவ்வூருக்கு அனுப்புவதெனத் தெரியாது. ‘கந்தசாமி, தன்னாமுனை’ என எழுதியவழியே அஃது ஏறாவூர்க் கந்தசாமியிடம் செல்லாது உரியவரை அடையும்.

மின்னஞ்சல் முகவரியும் இம்முறையினதே. 1971 இல் ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், பயனர் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் இடையே @ என்னும் குறியை இட்டார். இன்று அக்குறியின் முன்னே பயனர் பெயரும் பின்னே ஆள்களப் பெயரும் நிற்கின்றன. இலங்கைக்குரிய ‘எல்கே’ ஆள்களம் 1990 இல் தோன்றியது; 2010 இல் ‘இலங்கை’ எனத் தமிழெழுத்திலேயே ஆள்களம் வாய்த்தது.

லினக்ஸ் இயங்குதளம் தன் பயனர்களை ஒரே பட்டியலில் வைத்திருக்கும். அதில் ஒரு பெயர் ஒருமுறையே இடம்பெறலாம். ஒரு நிறுவனத்துக்கு இது போதியதே. ஆனால், ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கமும் ஓர் ஆலய பரிபாலன சபையும் செலவைச் சுருக்க ஒரே சேவையகத்தைப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ‘செயலாளர்’ ஒருவர் உளர். அப்பட்டியலில் இருவருக்கும் இடமில்லை.

ஆதலின், மின்னஞ்சற் பயனர்களை லினக்ஸின் பட்டியலினின்று பிரித்து, முழு முகவரியையே பெயராகக் கொண்ட தனி அட்டவணையில் எழுதுதல் வேண்டும். இவர்களை மெய்ந்நிகர் பயனர் என்பர். இவர்தம் அஞ்சற்பெட்டிகள் அனைத்தும் ஒரே லினக்ஸ் பயனரின் உடைமையாக, முதலில் ஆள்களம், அதனுள் பெயர் என்னும் ஒழுங்கிலுள்ள கோப்புறைகளில் இருக்கும். அஞ்சலை ஏற்கும் போஸ்ட்பிக்ஸ் மென்பொருளுக்கு இவ்விரு ஆள்களங்களையும் மெய்ந்நிகர் ஆள்களங்களென அறிவிக்க வேண்டும். அவற்றையே உள்ளூர் ஆள்களப் பட்டியலிலும் எழுதலாகாது. எழுதின், அது லினக்ஸ் பயனர்களுள் தேடி, அத்தகையார் இல்லையென அஞ்சலைத் திருப்பிவிடும்.

பயனர் புகும் வாயிலைக் காப்பது டவ்கொட் என்னும் மென்பொருள். அது புகுபவரின் பெயரை மூவகையாக நோக்கவல்லது: முழு முகவரி, பெயர்ப்பகுதி, ஆள்களப்பகுதி. பெயர்ப்பகுதியை மட்டும் கொண்டு தேடுமாறு அமைத்துவிடின் செயலாளர் இருவரும் ஒருவராகிவிடுவர். தொடக்கத்தில் வழங்கிய கடவுச்சொல்லும் ஒன்றாயிருப்பின், ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்க நேரும். அஞ்சல் முழு முகவரிக்குரிய கோப்புறையிற் சேர, புகுமுறையோ பெயர்ப்பகுதிக்குரிய கோப்புறையைத் திறப்பின், பயனர் வெறும் பெட்டியையே காண்பர். எனவே புகுமிடத்தும் அஞ்சல் சேர்க்குமிடத்தும் முழு முகவரியையே கொள்க. பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுக. 2025 இல் வெளிவந்த டவ்கொட் 2.4 ஆம் பதிப்பில் இவற்றை எழுதும் முறை மாறிற்று; கருத்து மாறவில்லை.

நெடுங்காலம் பெயரை மட்டும் எழுதிப் பழகியவர்க்கும் வழியுண்டு. ஆள்களம் எழுதப்படாதவிடத்து இன்ன ஆள்களத்தைச் சேர்த்துக்கொள்க எனப் பணிக்கும் அமைப்பு டவ்கொட்டில் உளது. அஃது ஓர் ஆள்களத்தார்க்கே உதவும். மற்றையோர் முழு முகவரியையே எழுதுதல் வேண்டும்.

வாயிலைக் காத்தல் மட்டும் போதாது. தம் பெயராற் புகுந்த ஒருவர் பிறர் முகவரியை அனுப்புநராக இட்டு அஞ்சல் விடுத்தலும் கூடும். எப்பயனர் எம்முகவரியால் அனுப்பலாமென்னும் அட்டவணையைப் போஸ்ட்பிக்ஸுக்குக் கொடுத்து, பொருந்தாதவற்றை மறுக்கப் பணித்தல் வேண்டும்.

அமைத்து முடித்தபின், ஒரே பெயருடைய இருவரை வேண்டுமென்றே இரு ஆள்களங்களிலும் பதிந்து, வெவ்வேறு கடவுச்சொற்களை வழங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அனுப்பிச் சோதித்தல் நன்று. ஒரு பயனர் மட்டும் இருக்கையில் பிழையான அமைப்பும் செம்மையானது போலத் தோன்றும். மாணவன் ஒருவன் தன் குறையைச் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கால், அஃது அவரொருவர் கண்ணுக்கே எட்டுமென நம்பியே எழுதுகிறான். அந்நம்பிக்கையைக் காப்பது @ குறிக்குப் பின்னுள்ள ஊர்ப்பெயரே.