ஒரு வகுப்பறை, இரு மொழிகள்

ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் மெய்லஹ்தி என்னும் பகுதித் தொடக்கப் பள்ளியில் ஃபின்னிஷ், சீனம் ஆகிய இரு மொழிகளும் பயிற்றுமொழிகளாக விளங்குகின்றன. சீனத்தை ஒரு பாடமாகக் கற்பித்தல் வேறு. சீனத்தின் வாயிலாகப் பிற பாடங்களைக் கற்பித்தல் வேறு. அங்கு நடைபெறுவது பின்னதாகும். அத்தகைய வகுப்பறையினுள் நாமும் சற்றே நுழைந்து நோக்குவோம்.

ஃபின்னிஷ் ஒட்டுநிலை மொழி. 'தலோ' என்றால் வீடு. 'தலோஸ்ஸா' என்றால் வீட்டில். 'தலோஸ்ஸானி' என்றால் என் வீட்டில். வேற்றுமைகள் எட்டெனப் பயின்ற நமக்கு, அம்மொழியின் பதினைந்து வேற்றுமைகள் வியப்பளிக்கும். குறில் நெடில் வேறுபாடும் நம் மொழியிற் போலவே பொருளை மாற்றும்: 'துலி' நெருப்பு, 'தூலி' காற்று. சீனத்திலோ பெயர் வேற்றுமையுருபு ஏற்பதில்லை. வினையும் காலத்திற்கேற்பத் திரிவதில்லை. 'மா' என்னும் ஓரசையே, ஒலிக்கும் தொனிக்கேற்பத் தாய், சணல், குதிரை, திட்டுதல் எனப் பொருள்படும். ஃபின்னிஷுக்கு எழுத்துகள் 29, ஒலித்தவாறே எழுதலாம். சீனத்திற்கு, 2013இல் அந்நாட்டரசு வெளியிட்ட பட்டியலின் முதல் நிலையில் மட்டும் 3,500 எழுத்துகள்! ஏழு வயதில் பள்ளி புகும் குழந்தை இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கிறது. அவன், அவள் என்னும் வேறுபாடு பேச்சில் இவ்விரு மொழிகளிலும் இல்லை என்பதும் சுவையான செய்தி.

(கால்டுவெல் பெருமகனார் 1856இல் திராவிட மொழிகளை ஃபின்னிஷ் உள்ளிட்ட மொழிக்குழுவோடு உறவுபடுத்த முயன்றதைத் தமிழ் மாணவர் அறிவர். பின்வந்த மொழியியலார் அதனை ஏற்றிலர்; ஒப்புமை வேறு, உறவு வேறு.)

இவ்வாறு பயிற்றினால் தாய்மொழி தேய்ந்து போகாதா? பெற்றோர்க்கு எழும் இவ்வையம் நியாயமானதே. ஃபின்லாந்தின் 2014ஆம் ஆண்டுத் தேசியப் பாடத்திட்டம், விரிவான இருமொழிக் கல்வியில் பாடங்களுள் குறைந்தது 25 விழுக்காடு இரண்டாம் மொழியில் அமைய வேண்டும் என்கிறது. ஆயினும் பள்ளியின் மொழியும் இலக்கியமும் தம் இடத்தை இழப்பதில்லை. கனடாவில் 1965இல் செயின்ட் லாம்பெர்ட் நகரிலும், பின்னர் 1987இல் ஃபின்லாந்தின் வாசா நகரிலும் தொடங்கிய மொழிமூழ்கல் வகுப்புகளிலும் பிள்ளைகளின் வீட்டுமொழி குன்றவில்லை.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. சுவீடனுக்குக் குடிபெயர்ந்த ஃபின்னிஷ்க் குடும்பத்துப் பிள்ளைகளைத் தூவே ஸ்குட்நாப்-காங்காஸ், பெர்த்தி தோவ்கோமா ஆகிய இருவரும் ஆராய்ந்து 1976இல் அறிக்கை வெளியிட்டனர். தாய்மொழியில் வேரூன்றிய பின் பத்து வயதளவிற் சென்ற பிள்ளைகள் சுவீடிஷ் மொழியை நன்கு கற்றனர். மிக இளமையிலேயே சென்றவர்கள் இரு மொழியிலும் தடுமாறினர். இரு கூட்டத்தாரும் அயல்மொழியிலேயே பயின்றனர். ஒருவர்க்கு வேர் இருந்தது, மற்றவர்க்கு அது இல்லை. இருமொழிக் கல்வி நன்றா தீதா எனப் பொதுப்பட வாதிடுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர் என்பதே நம் கருத்து.

ஹெல்சிங்கி வகுப்பிலும் இதுவே உயிர்நிலை. ஃபின்னிஷ் இல்லத்துப் பிள்ளைக்குச் சீனம் ஒரு கூடுதல் செல்வம். சீன இல்லத்துப் பிள்ளைக்கோ அது தாயின் மொழி. பிற பள்ளிகளில் குடியேறிய பிள்ளைகளின் தாய்மொழி, பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டு மணி நேரம், வழக்கமான பாடங்களுக்குப் புறம்பாகவே கற்பிக்கப்படுகிறது. இங்கோ அம்மொழி பள்ளி நேரத்திற்குள்ளேயே, அனைவர் முன்னிலையிலும், பாடம் நடத்தும் மொழியாக நிற்கிறது.