ஒரு முறை குறித்தால் பல முறை பலன்

லெவல் கிராசிங்கில் காத்திருக்கும்போது, கூட்ஸ் வேகன்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள். இந்திய ரயில்வேயில் வேகன் எண் 11 இலக்கங்கள் கொண்டது. முதல் இரண்டு வேகனின் வகையைச் சொல்லும். அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. பிறகு தயாரித்த ஆண்டு, தனி எண், கடைசியாகப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் இலக்கம். வேகன் தௌண்டில் நின்றாலும் ஜோலார்பேட்டையில் நின்றாலும், அது இன்னதென்று அங்குள்ள ஊழியர் உடனே அறிவார்.

கம்ப்யூட்டரில் ஏற்றும் எழுத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு. 'இதைப் பெரிய எழுத்தில் போடு' என்று சொல்லாமல், 'இது தலைப்பு, இது ஆசிரியர் பெயர், இது செய்யுள், இது உரை' என்று அடையாளமிட்டு வைப்பதுதான் அது. தோற்றத்தைப் பிறகு தீர்மானிக்கலாம். 1969-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் இதற்கு வித்திட்டனர். 1986-ல் அது எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேசத் தரமாயிற்று. இணையப் பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். அந்த வழியில் வந்ததே. 1998 பிப்ரவரியில் எளிமையாக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். வெளியானது.

இதில் லாபம் எங்கே என்று கேட்பீர்கள். அடையாளமிட்ட ஒரே பிரதியிலிருந்து அச்சுப் புத்தகம், இணையப் பக்கம், மின்னூல் மூன்றையும் எடுக்கலாம். மறுபடி டைப் செய்யும் கூலியும், மறுபடி பிழை திருத்தும் நேரமும் மிச்சம். பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் தலைப்பு எது, பத்தி எது என்று அறிந்து படிக்கும். மேல்நாட்டு விஞ்ஞான இதழ்கள் இதை முன்பே உணர்ந்துகொண்டன. அவர்களுடைய கட்டுரைகளுக்கு அடையாளமிடும் வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. அதனால் நம் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் கிடைத்தது. ஆனால் ஊரார் வீட்டுக்கு விளக்கேற்றும் நாம், நம் வீட்டை இருட்டில் வைத்திருக்கிறோமே!

தமிழுக்கு இரட்டைச் சிக்கல். அடையாளமிடுவதற்கு முன்னால் எழுத்தே நிலைக்க வேண்டும். நம் புனேயில் 1988-ல் தொடங்கிய சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டு முறைக்குப் பெரும்பங்கு ஆற்றியது. 1991-ல் அது இந்தியத் தரமாயிற்று. யூனிகோடில் இந்திய எழுத்துக்களின் வரிசை அதையொட்டியே அமைந்தது. ஆயினும் டி.டி.பி. அச்சகங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டன. அந்த எழுத்துரு போனால் 'அ' என்று அடித்த இடத்தில் ஏதோ ஓர் ஆங்கிலக் குறி நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் வெளிவந்த எத்தனையோ சங்க மலர்கள் இன்று காகிதத்தில் மட்டுமே உயிரோடிருக்கின்றன.

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொண்டர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கியது. முதலில் வேறு குறியீட்டில் ஏற்றிய நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். பொதுத் தரத்தை ஒட்டி ஏற்றியதால்தான் அது கூடிற்று.

நம் சங்கம் செய்யக்கூடியவை மூன்று. கட்டுரைகளை யூனிகோடில் மட்டும் வாங்குவது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், மென்பொருளிலேயே 'தலைப்பு' என்று குறிப்பது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பொருள் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது. முதல் வருடம் வேலை கூடும் என்பதை மறைக்கவில்லை. படிக்கத் தகாத எழுத்தை எந்தக் குறியீடும் விற்றுத் தராது என்பதும் உண்மை. ஆனால் பத்து ஆண்டு மலர்களிலிருந்து சமையல் குறிப்புகளை மட்டும் தொகுத்து ஒரு நூலாக்கி விற்க நினைத்தால், அது ஒரு நாள் வேலையாக இருக்கும். வரும் பணம் நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு உதவும்.

எண் எழுதாத வேகன் யார்டில்தான் கிடக்கும். நம் எழுத்துக்கு அந்த நிலை வேண்டாம். செயற்குழு இதை வரும் மலரிலேயே தொடங்கலாமே!